இந்தப் போதகரை நம்பலாமா? சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் சித்தி தன் கையில் கிடந்த இரண்டு வளையலையும் கழற்றி காணிக்கைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்ததற்குக் காரணம், மேடையில் நின்றவர் மைக்கில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுதான். மகனுடைய வெளிநாட்டு வேலைக்காக அழுதுகொண்டே வந்திருக்கிற தாய் என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்லி, ஊரையும் சொல்லி, தடையாயிருக்கிற கட்டு இன்றைக்கு உடைகிறது என்றதும் பந்தலே எழுந்து நின்று அல்லேலூயா போட்டது. சித்திக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டதாம். பல மாதம் கழித்து, மகனுக்கு வேலையும் வராமல் விசாவும் வராமல் இருந்த ஒரு நாளில், காய் நறுக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்: கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாலேயே அவர்களுடைய ஜெப நம்பருக்குப் போன் பண்ணி பெயர், ஊர், விஷயம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், அன்றைக்கு வாசலில் ஜெபக்குறிப்புச் சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் போனையும் மேடையில் வந்த வெளிப்பாட்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

"அவங்ககிட்ட போய் ஒரு வார்த்தை கேளுங்க சித்தி" என்றேன்.

"கேக்கதா? பாவம்லா அது" என்றாள்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன் இல்லை. சிஎஸ்ஐ சபையில் வளர்ந்து, சில வருஷம் பெந்தெகொஸ்தே சபையில் இருந்து, மறுபடியும் பழைய சபைக்கே வந்து சேர்ந்த சாதாரண விசுவாசி. கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள். அவசரப்பட வேண்டாம், கனியினால் அறிவீர்கள் என்று இயேசு சொன்னார், கனி வர நாளாகும்.

முதல் படி: கேட்பது பாவமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

இது தீராமல் அடுத்ததற்குப் போக முடியாது. மனதில் சந்தேகம் எழும்பின உடனேயே வாயை அடைக்கிற வசனம் ஒன்று நம் எல்லாருக்கும் மனப்பாடம்: அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே. சங்கீதம் 105:15. அதை எட்டாம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொந்த நிலம் இல்லாமல், கொஞ்சம் ஆட்களோடு, ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு அலைந்த காலத்தைப் பற்றிய பாட்டு அது. தொடாதே என்று தேவன் கடிந்துகொண்டது ராஜாக்களை. அதிகாரத்தில் இருக்கிறவன் நாதியில்லாதவன் மேல் கை வைக்கக் கூடாது என்பதற்காக வந்த வசனத்தைத் திருப்பிப் போட்டு, காணிக்கை என்ன ஆயிற்று என்று கேட்கிற விதவையை நோக்கி நீட்டுகிறார்கள்.

அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா என்பதால் தாவீது சவுலைத் தொடவில்லையே என்பார்கள். சரி, தொடவில்லை. ஆனால் 1 சாமுவேல் 24ஐ முழுக்க வாசியுங்கள். குகையை விட்டு வெளியே வந்து, 3,000 பேரோடு தன்னைத் தேடி வந்த சவுலைக் கூப்பிட்டு, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் தூக்கிக் காட்டி, நான் உமக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை, நீரோ என் பிராணனை வாங்கத் தேடுகிறீர் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். கொல்ல மாட்டேன் என்றானே தவிர, கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

அப்புறம் பெரோயா ஊர்க்காரர்கள். அவர்கள் சோதித்தது யாரோ ஒரு ஊர் சுற்றும் பிரசங்கியாரை என்று நினைக்காதீர்கள், அப்போஸ்தலனான பவுலை. அவன் சொன்னதை ஆசையோடு கேட்டுக்கொண்டார்கள், ஆனாலும் தினமும் வேதத்தை எடுத்து அது சரிதானா என்று பார்த்தார்கள். அதற்காகவே அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17 சொல்கிறது. பவுல் கோபித்துக்கொண்டதாக எங்கேயும் இல்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது தீர்க்கதரிசனத்தை அற்பமாக நினைக்காதே, ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்று இரண்டையும் அடுத்தடுத்து அவனே எழுதுகிறான். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் பேனரில் அடிக்கிறார்கள்.

இரண்டாம் படி: அற்புதத்தை வரிசையில் கடைசிக்குத் தள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தலைகீழாகப் பார்க்கிறோம். அவர் ஜெபித்தால் நடக்கிறதே, அப்படியானால் தேவ மனுஷன்தானே என்று தொடங்கி, அதற்கு மேல் எதையும் பார்ப்பதில்லை. உபாகமம் 13ஆம் அதிகாரம் இதற்கு நேர் எதிர்: ஒருவன் அடையாளம் சொல்லி அது அப்படியே நடந்தாலும், அவன் உன்னை வேறு பக்கம் இழுத்தால் அவன் சொல்லைக் கேட்காதே என்கிறது. நடந்தாலும்! இயேசுவும் மத்தேயு 7ல், உமது நாமத்தினாலே பிசாசைத் துரத்தினோம், அற்புதம் செய்தோம் என்று வந்து நிற்கிறவர்களிடம் நீங்கள் செய்யவே இல்லை என்று வாதாடவில்லை. நான் உங்களை அறியவே இல்லை என்கிறார்.

அது உண்மையான அற்புதத்தைப் பற்றிய பேச்சு. பொய்யான அற்புதம் வேறு கதை. அமெரிக்காவில் பீட்டர் போப்பாஃப் என்று ஒரு டிவி பிரசங்கியார், கூட்டத்தில் இருக்கிறவர்களின் பெயர், வியாதி, வீட்டு விலாசம் வரை சொல்லி ஜெபிப்பார். 1986ல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞரும் அவரது ஆட்களும் ரேடியோ ஸ்கேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்கள். 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல் கேட்டது. போப்பாஃபின் மனைவி, கூட்டத்துக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்த ஜெபச் சீட்டுகளைப் பார்த்து வாசிக்க வாசிக்க, அவர் காதுக்குள் வைத்திருந்த சின்னக் கருவியில் கேட்டு மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் நாடே பார்த்தது. அடுத்த வருஷம் அவர் திவால் மனு போட்டார். அதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள், இல்லை, சில வருஷத்தில் மறுபடி டிவிக்கு வந்து அற்புதத் தண்ணீர் பாக்கெட் அனுப்ப ஆரம்பித்தார்.

இதைப் படித்த அன்றுதான் சித்தியின் போன் விஷயம் எனக்கு உறைத்தது. அவளைக் கூப்பிட்டவரும் இப்படித்தான் செய்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எளிதாகச் செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. அடுத்த தடவை போகும்போது சீட்டு எழுதாதீர்கள், முன்பதிவு செய்யாதீர்கள், வாட்ஸாப் குழுவில் உங்கள் பிரச்சினையைப் போடாதீர்கள். கர்த்தர் வெளிப்படுத்துவதானால் சீட்டு இல்லாமலும் வெளிப்படுத்துவார். இந்தக் கூட்டத்தில் இடுப்பு வலியோடு ஒருவர் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் வெளிப்பாட்டுக் கணக்கில் வராது. 2,000 பேர் தரையில் பாய் விரித்து மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இருநூறு பேருக்காவது இடுப்பு வலிக்கும்.

தேதி போட்டுச் சொல்லுகிற தீர்க்கதரிசனங்களை நோட்டில் எழுதி வையுங்கள். ஹெரால்டு கேம்பிங் என்ற அமெரிக்க ரேடியோ போதகர் உலக முடிவுக்குத் தேதி குறித்தார்: முதலில் 1994 என்றார், பிறகு 2011 மே 21 என்றார், அன்றைக்கு ஒன்றும் நடக்காமல் போனதும் அக்டோபர் 21 என்றார். ஓய்வுபெற்ற நியூயார்க் போக்குவரத்து ஊழியர் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து சுமார் 1,40,000 டாலர் எடுத்து அந்த மே மாதத் தேதிக்கு விளம்பரம் செய்தார். 1994 பொய்த்ததை ஞாபகம் வைத்திருந்தவர்களுக்கு 2011ல் நஷ்டமில்லை. கேம்பிங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: 2012ல் நான் செய்தது தவறு, பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். நம் பக்கம் புது வருஷ ராத்திரி ஆராதனையில் நாட்டைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் சொன்னது பலிக்காமல் போனால், அடுத்த டிசம்பரில் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. உபாகமம் 18ன் கடைசி வசனம், சொன்னது நடக்காவிட்டால் அவன் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்கு நீ பயப்படாதே என்கிறது. பயப்படாதே என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள், ஏனென்றால் பயம்தான் இந்தத் தொழிலின் முதலீடு.

மருந்தை நிறுத்தச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இதற்கு ஏழு படியும் தேவையில்லை. இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து எதுவானாலும் சரி. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னான், துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தான், கூடவே லூக்கா என்ற வைத்தியனையும் வைத்திருந்தான். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று பவுல் யாரிடமும் கேட்டதில்லை.

மூன்றாம் படி: நாலு ஞாயிறு, ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். பிரசங்கத்தில் சொல்லுகிற வசனங்களின் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். நாலு வாரம் இப்படிச் செய்தாலே அவர் வசனத்திலிருந்து செய்தியை எடுக்கிறாரா, செய்தியை எழுதிவிட்டு வசனத்தைத் தேடுகிறாரா என்று தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு எரேமியா 29:11. நன்மைக்கான நினைவுகளே என்ற வாக்குத்தத்தம், அட்டையில் அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டாத வீடு கிடையாது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனத்தில் 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது, அதாவது வாசித்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு பார்க்க முடியாத நன்மை. இன்னும் வேடிக்கை, அதற்கு மூன்று வசனத்துக்கு முன்னால், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதீர்கள் என்று இருக்கிறது. சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று ஆசை காட்டினவர்களைப் பற்றிய எச்சரிக்கை அது. அந்த வசனத்தை வைத்தே மூன்று மாதத்தில் வீடு, ஆறு மாதத்தில் கார் என்று பிரசங்கித்தால் என்ன சொல்வது?

இந்தப் படியில் பார்க்க வேண்டிய பெரிய விஷயம், இயேசு எங்கே இருக்கிறார் என்பது. 1 யோவான் 4 கொடுக்கிற அளவுகோல், மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவை அறிக்கை பண்ணுகிறதா என்பதுதான். அவர் தேவனும் மனிதனுமாக வந்ததும், சிலுவையில் மரித்ததும், எழுந்ததும், அதினால் வரும் பாவமன்னிப்பும் பிரசங்கத்தின் மையமா, அல்லது ஊழியக்காரருடைய தரிசனமும் அவர் போன வெளிநாடுகளுமா? ஒரு மணி நேரப் பேச்சில் இயேசுவின் பெயர் ஜெபத்தின் கடைசியில் மட்டும் வருகிற கூட்டங்களில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே ஒரு நிதானமும் தேவை. குழந்தை ஞானஸ்நானமா முழுக்கா, அந்நிய பாஷை உண்டா இல்லையா, நகை போடலாமா கூடாதா, இதிலெல்லாம் நேர்மையான விசுவாசிகள் நூற்றாண்டுகளாக ஒத்துப்போகவில்லை. தாலியைக் கழற்றாததால் அந்தச் சபை கள்ளச்சபை என்று சொல்லுகிற ஆட்களையும், கழற்றியதால் கள்ளச்சபை என்று சொல்லுகிற ஆட்களையும் நான் ஒரே தெருவில் பார்த்திருக்கிறேன். வித்தியாசமாக நம்புகிறவர் வேறு, கள்ளப்போதகர் வேறு. ஆனால் பரலோகத்துக்குப் போவது எங்கள் சபை ஆட்கள் மட்டும்தான் என்று எவர் சொன்னாலும் நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள்.

நாலாம் படி: பணம்

1 சாமுவேல் 2ல் ஒரு காட்சி இருக்கிறது. ஜனங்கள் பலியிட்டு இறைச்சியை வேகவைத்துக்கொண்டிருக்கும்போது, ஆசாரியனுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள முள்கரண்டியோடு வந்து சட்டிக்குள் குத்துவான். முள்ளில் என்ன மாட்டினாலும் ஆசாரியனுக்கு. பிறகு அதுவும் போதாமல், கொழுப்பை எரிக்கும் முன்னாலேயே பச்சையாகக் கொடு, இல்லாவிட்டால் பலவந்தமாக எடுப்பேன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்படிச் செய்தவர்கள் ஆசாரியன் ஏலியின் மகன்கள். தகப்பன் வைத்திருந்த ஊழியம், பிள்ளைகள் கையில் கரண்டி. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம்மூர்க் கூட்டங்களில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சுற்றி வருகிற காணிக்கைப் பைகள் ஞாபகத்துக்கு வரும்.

கேயாசியையும் மறக்க வேண்டாம். சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கிக் குணமான பிறகு எலிசா தீர்க்கதரிசி ஒரு பைசா வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், ஐயா அனுப்பினார் என்று பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வாங்கினவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. சுகத்துக்கு விலை வைத்ததும் அவனுக்கு வந்தது குஷ்டம். இன்றைக்கு எண்ணெய் பாட்டில், ஜெபத்துண்டு, 501 ரூபாய் விதைக் காணிக்கை என்று விலைப்பட்டியலோடே வருகிறது.

ஆதிச் சபைக்கும் இதே தலைவலி இருந்தது. டிடாக்கே என்று ஒரு சின்னக் கையேடு, முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. 1873ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு நூலகத்தில் இதன் பிரதி கிடைத்தது. ஊர் ஊராக வருகிற ஊழியக்காரர்களை எப்படி நடத்துவது என்று அதில் ரொம்ப நடைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவரை ஏற்றுக்கொள், ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்கட்டும், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி. கிளம்பும்போது வழிக்கு அப்பம் தவிர எதுவும் வாங்கக் கூடாது, பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து எனக்குப் பணம் கொடு என்றால் கேட்காதே. இல்லாதப்பட்ட வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னால் அவனைக் குற்றம் சொல்லாதே. இந்தக் கடைசி வித்தியாசம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, பணம் அனுப்பும் முன் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். சபையின் பெயரா, டிரஸ்ட்டின் பெயரா, பாஸ்டரின் சொந்தப் பெயரா, அவர் மைத்துனர் பெயரா? டிரஸ்ட் என்றால் டிரஸ்டிகள் யார் என்று கேளுங்கள். கணவன், மனைவி, மகன், மருமகன் என்று ஒரு ரேஷன் கார்டுக்குள் அடங்கிவிட்டால் அங்கே யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. வருஷக் கணக்கு ஆடிட் ஆகிறதா, சபையார் பார்வைக்கு வைக்கிறார்களா? கொடுத்ததற்கு ரசீது உண்டா? கொடுக்கிறவருக்கு வருமான வரிச் சலுகை தருகிற 80ஜி இல்லை என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லிவிடாதீர்கள், முழுக்க மதக் காரியத்துக்கான அமைப்புகளுக்குப் பொதுவாக அது கிடைக்காது. ரசீது வேறு, அதைக் கொடுக்க ஒரு புத்தகமும் பேனாவும் போதும்.

பவுல் எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்த்தபோது, தான் ஒருவனாக எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டான், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காயிருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னான் (2 கொரிந்தியர் 8). கர்த்தருக்கு மட்டும்தான் கணக்குச் சொல்வேன் என்கிற ஊழியக்காரர் பவுலை விடப் பெரியவராக இருக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரவான். கிராமங்களில் மாசம் எட்டாயிரம் வருமானத்தில், ஒழுகுகிற ஓட்டு வீட்டில், சாவு வீடு கல்யாண வீடு என்று ராப்பகலாய் ஓடுகிற போதகர்கள் எத்தனையோ பேர். அவர் புது பைக் வாங்கினால் உடனே கணக்குக் கேட்கிறவர்கள், கோடிக்கணக்கில் மேடை போடுகிறவரிடம் கேட்பதே இல்லை.

ஐந்தாம் படி: மேடைக்குப் பின்னால்

1 தீமோத்தேயு 3ல் கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, இருக்க வேண்டியதாக ஏறக்குறைய 15 தகுதிகள் வருகின்றன. அதில் திறமை என்று சொல்லத்தக்கது போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் தெரிந்தவன், என்ற ஒன்றுதான். மீதியெல்லாம் குணம்: அடிக்கிறவன் கூடாது, பண ஆசை கூடாது, சொந்த வீட்டை நன்றாய் நடத்துகிறவன், புதிதாய்ச் சேர்ந்தவன் கூடாது, வெளியார் நற்சாட்சி சொல்ல வேண்டும். நாம் ஆள் தேடும்போது இதைத் தலைகீழாக்கி, குரல் நன்றாக இருக்கிறதா, பாட்டு வருமா என்று பார்க்கிறோம்.

வெளியார் நற்சாட்சி என்றால் யார்? அவருடைய டிரைவர். பந்தல்காரர், மைக் செட்காரர், அவர்களுக்குப் பாக்கி இருக்கிறதா. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம். முக்கியமாக, அவரிடம் முன்பு உதவி ஊழியராக இருந்து விலகினவர்கள். ஒருவர் விலகினால் அவரிடம் பிரச்சினை இருக்கலாம். ஐந்து வருஷத்தில் ஏழு பேர் விலகி, ஏழு பேரும் பின்மாற்றக்காரர், யூதாஸ் என்று மேடையில் பெயர் வாங்கியிருந்தால் அந்த ஏழு பேரில் இரண்டு பேரையாவது போய்ப் பாருங்கள்.

போதனை சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ரவி சகரியாஸின் கதை. 1946ல் சென்னையில் பிறந்தவர், உலகம் முழுக்கப் பேர் பெற்ற தர்க்கவாதி. அவருடைய பேச்சில் உபதேசப் பிழை தேடினால் சுலபமாகக் கிடைக்காது. 2017லேயே ஒரு கனடியப் பெண் புகார் சொன்னார். ரவி மறுத்தார், அந்தப் பெண் மேலும் அவர் கணவர் மேலும் வழக்குப் போட்டார், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு அது முடிந்தது, பெரும்பாலானோர் அவரைத்தான் நம்பினார்கள். அவர் 2020 மே மாதம் இறந்த பிறகு, அவருடைய சொந்த ஊழிய அமைப்பே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை 2021 பிப்ரவரியில் வந்தது. மசாஜ் சிகிச்சை செய்த பெண்கள் பலரிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருந்தது அதில் உறுதியானது. நானும் அவர் பேச்சுகளை விரும்பிக் கேட்டவன், அதனால் இதை எழுத எனக்கே கசக்கிறது.

அதனால் ஒரு சாதாரண விதி: பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கதவடைத்த தனி ஜெபம், தனி ஆலோசனை கூடவே கூடாது. நல்ல போதகர் நீங்கள் சொல்லும் முன்னே கதவைத் திறந்து வைப்பார், மனைவியையோ ஒரு அக்காவையோ உட்கார வைப்பார்.

ஆறாம் படி: ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்

இதுவரை தூரத்திலிருந்து பார்த்தீர்கள். இப்போது பக்கத்தில் போக வேண்டும். என் அனுபவத்தில் மற்ற ஐந்தையும் விட இந்த ஒன்று நிறையச் சொல்லிவிடும்.

மரியாதையாக, தனியாக, சின்னக் கேள்வி போதும். பாஸ்டர், போன வாரம் நீங்க சொன்ன வசனத்தை வீட்டுல முழு அதிகாரமா வாசிச்சேன், எனக்கு வேற மாதிரி புரியுது, கொஞ்சம் விளக்குவீங்களா? இவ்வளவுதான். நான் இதை இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன். ஒருவர் தாடையைத் தடவிக்கொண்டு, "தெரியலையே தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார், அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு முன், போன வாரம் நான் ஒரு வசனத்தைத் தப்பாய் எடுத்துச் சொல்லிவிட்டேன் என்று சபையில் சொன்னார். இன்னொருவர் சிரித்து முதுகில் தட்டி அனுப்பினார். அடுத்த ஞாயிறு, சிலர் நாலு புத்தகம் படித்துவிட்டு ஆவியானவருக்கே பாடம் எடுக்க வருகிறார்கள் என்று பெயர் சொல்லாமல் கால் மணி நேரம் வாங்கினேன். அந்த வாரமே வாட்ஸாப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

தவறு செய்யாத போதகர் கிடைக்க மாட்டார். அப்பொல்லோ வேதத்தில் வல்லவன், ஆனாலும் அரைகுறையாகத் தெரிந்ததைப் பிரசங்கித்தான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், கூடாரம் செய்கிற தம்பதி, அவனைச் சேர்த்துக்கொண்டு திருத்தமாகச் சொல்லிக் கொடுத்தார்கள் (அப்போஸ்தலர் 18). அதற்குப் பிறகும் அவன் ஊழியம் சிறந்துதான் நடந்தது.

எரேமியா 28ல் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. பாபிலோன் ராஜா கொண்டு போனதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பி வரும் என்று அனனியா ஆலயத்தில் எல்லார் முன்னாலும் தீர்க்கதரிசனம் சொல்கிறான். எரேமியா முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசியை அது நடக்கும்போது அறியலாம் என்று மட்டும் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தே போட்டான், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எரேமியா பதில் சொல்லவில்லை, தன் வழியே போய்விட்டான். பதில் பிறகுதான் வந்தது, ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான். அந்த நாளில் ஆலயத்தில் நின்றிருந்தால் நாம் யாரை நம்பியிருப்போம்? கர்த்தர் இன்னும் ஒன்றும் சொல்லாததால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தெரிந்தவன்தான் உண்மையானவன் என்று அன்றைக்கு எவன் கண்டுபிடித்திருப்பான்?

கேள்விக்குப் பதிலாகச் சாபம் வந்தால், உன் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற தொனி வந்தால், முடிவு எடுக்கலாம். வேறு பிரசங்கம் கேட்காதே, அந்தக் கல்யாண வீட்டுக்குப் போகாதே, அப்பா அம்மாவிடம் பேசாதே, யாரைக் கட்ட வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்று வட்டம் சுருங்கினால், இதை விடப் பெரிய ஆபத்து. இண்டியானாபொலிஸில் ஏழைகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் உதவி செய்து நல்ல பெயர் வாங்கின போதகராகத்தான் ஜிம் ஜோன்ஸ் ஆரம்பித்தார். கடைசியில் ஜனங்களைக் கயானா காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்து, கடிதங்களைப் படித்துப் பார்த்து, 1978 நவம்பர் 18 அன்று 900 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் சுமார் 300 பேர் பிள்ளைகள். பழைய கதை என்று தள்ள வேண்டாம், கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023ல் ஒரு பிரசங்கியாரின் ஆட்கள் பட்டினி கிடந்து செத்து, 400க்கு மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள்.

ஏழாம் படி: விலக வேண்டியிருந்தால்

சத்தம் போடாமல் விலகுங்கள். மூப்பர் மேல் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்றுக்கொள்ளாதே என்று 1 தீமோத்தேயு 5 சொல்கிறது, அடுத்த வசனமே பாவம் செய்கிறவர்களை எல்லார் முன்னும் கடிந்துகொள் என்கிறது, இரண்டும் நமக்குத்தான். கேள்விப்பட்டதை யூடியூபில் பெயரோடு போடாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், ஆடியோ, நோட்டீஸ், தேதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கமிட்டியோ ஆயரோ பங்குத்தந்தைக்கு மேல் மறைமாவட்டமோ இருந்தால் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை, டயோசீஸ் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தனிச்சபை என்றால் மேலே யாருமே இல்லை.

குற்றம் வேறு. பிள்ளைகளிடம் தவறாக நடந்தது தெரிந்தால் சபைக்குள் பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், 1098க்குக் கூப்பிடலாம். ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் வாங்கினால் 1930. மத்தேயு 18ஐக் காட்டி முதலில் தனியாகப் பேசு என்று உங்களைத் தடுத்தால், சகோதரனுக்குள் வரும் மனத்தாங்கலுக்குச் சொன்னதை போலீஸ் கேசுக்கு எடுக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் இன்னும் அங்கேயே இருப்பவர்களிடம், நீ ஏமாந்துவிட்டாய் என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், சித்தி எட்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவளை மாற்றியது என் வாதங்கள் எதுவும் இல்லை. வாரா வாரம் போய் உட்கார்ந்து, சங்கீதம் 105ஐச் சேர்ந்து வாசித்தோம், ராஜாக்கள் என்ற வார்த்தையில் அவளே நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்குப் போகிறாள். போதகர் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். மாசக் கணக்கைக் கையால் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். போன மாசம் கூட்டலில் 300 ரூபாய் உதைக்கிறது என்று சித்தி கண்டுபிடித்து, ஆராதனை முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டிருக்கிறாள். கரண்ட் பில்லை இரண்டு தடவை எழுதியிருந்தாராம்.